மூணு அரிஸ்டோட்டிலும் ஒரே ஆளா, சேர்?



பதிவு நீளமானது. தரம் 12, 13இல் பிள்ளை இருக்கிற வீட்டார் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள். வாசித்துவிட்டு எங்களைத் திட்ட விரும்புகிறவர்கள் கீழே தாராளமாகத் திட்டலாம், அழிக்க மாட்டோம்.

போன தவணையில் நடந்த ஒரு விஷயத்திலிருந்து தொடங்குகிறோம். பசறைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து காலை முதல் பஸ்ஸில் வருகிற ஒரு பிள்ளை, கலைப்பிரிவு, இடைவேளையில் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். "சேர், அளவையியல்ல ஒரு அரிஸ்டோட்டில் வாறாரு. அரசியல்ல ஒரு அரிஸ்டோட்டில் வாறாரு. இஸ்லாமிய நாகரிகம் படிக்கிற புள்ளைங்க அரிஸ்தூன்னு ஒருத்தரைச் சொல்றாங்க. மூணும் ஒரே ஆளா, சேர்?"

முதலில் சிரித்தோம். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அந்த மூன்று பாடங்களையும் படிப்பிக்கிற நாங்கள் மூவரும் அந்த நேரம் ஒரே மேசையில் இருந்துதான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். பல வருடமாக ஒரே மேசை. நான் என்ன படிப்பிக்கிறேன், நீங்கள் என்ன படிப்பிக்கிறீர்கள் என்று ஒருவரையொருவர் ஒரு நாளும் கேட்டதில்லை. பிள்ளைதான் கேட்டாள்.

அவள் கேட்டதில் பிழை இல்லை. பிழை எங்களில். எங்களிடம் நேரசூசி இருக்கிறது, வருடத்துக்கான திட்டம் இல்லை. திங்கட்கிழமை மூன்றாம் பாடவேளை யார் எந்த வகுப்பில் நிற்பார் என்று எழுதி ஒட்டியிருக்கிறோம். தரம் 13 முடிந்து வெளியே போகிற பிள்ளையின் தலைக்குள் என்ன இருக்க வேண்டும் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

இந்த வருடம் அதை எழுதிப் பார்த்தோம். மூன்று பேர் உட்கார்ந்து தமிழ், அளவையியல், அரசியல், வரலாறு, புவியியல், இஸ்லாமிய நாகரிகம், இந்து நாகரிகம் ஆகிய பாடங்களின் அலகுகளை ஒரு பெரிய தாளில் பக்கம் பக்கமாக அடுக்கினோம். ஒன்றோடொன்று சேருகிறவற்றை ஒரே காலத்தில் படிப்பிக்கும்படி வரிசையை மாற்றினோம். அதோடு பெரிய பழைய நூல்களிலிருந்து பிள்ளைகள் நேரடியாக வாசிக்க வேண்டியவற்றைக் குறித்தோம். மேலதிகமாக ஒரு பாடவேளைகூடக் கேட்கவில்லை. ஒரு ரூபா காசு கேட்கவில்லை.

கொண்டுபோய்க் காட்டிய இடத்தில் கிடைத்த பதில் இதுதான்: "தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதுக்கு? மூணு 'எஸ்' எடுத்தாப் போதும்."

இந்தப் பதிவு அந்த ஒரு வசனத்துக்கு எதிராகத்தான் எழுதப்படுகிறது.

இந்த வசனம் புதியது அல்ல, நூறு வருடத்துக்கும் மேல் பழையது. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டமும் 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும் தோட்டப் பிள்ளைக்கு என்ன வைத்திருந்தன? ஆறு வயதிலிருந்து பத்து வயது வரை கொஞ்சம் எழுத்து, கொஞ்சம் கணக்கு. அதற்கு மேல் கொழுந்துக் கூடை. 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. நாடே கொண்டாடியது. தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே நின்றன. 1948இல் குடியுரிமையும் போனது. 1977க்குப் பிறகுதான் அந்தப் பாடசாலைகளை அரசாங்கம் கட்டம் கட்டமாகப் பொறுப்பேற்றது. இந்தப் பிள்ளையின் பாட்டி படித்தது ஒரே ஒரு அறை, ஒரே ஒரு ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு முடிவு. அன்றைக்குத் துரை சொன்னதை இன்றைக்கு எங்கள் ஆட்களே, அதே தேயிலையில் சோறு தின்று வளர்ந்தவர்களே, கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு சொல்கிறார்கள். அதுதான் வலிக்கிறது.

எமது பக்கத்தின் நிலைமையை எல்லோரும் அறிவீர்கள். பதுளை மாவட்டம் பல்கலைக்கழக அனுமதிக்குப் பின்தங்கிய மாவட்டங்களில் ஒன்றாகவே கணக்கிடப்படுகிறது. தமிழ் மொழிமூலத்தில் விஞ்ஞான, கணிதப் பிரிவு உள்ள பாடசாலைகள் கைவிரல் விட்டு எண்ணக்கூடியவை. மற்றதெல்லாம் கலைப்பிரிவு, அங்கொன்றும் இங்கொன்றுமாக வர்த்தகம். சாதாரணதரத்தில் கணிதத்துக்கு 'ஏ' எடுத்த தோட்டத்துப் பிள்ளையும் பெளதிகவியல் ஆசிரியர் இல்லாததால் கலைப்பிரிவில் வந்து அமர்கிறது. அதற்குள்ளும் பாடத்தைத் தெரிவது பிள்ளை அல்ல, வெற்றிடம் தெரிகிறது. எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இருக்கிறாரோ அதுதான் பிள்ளையின் "விருப்பப் பாடம்".

வந்து அமர்ந்த பிள்ளைக்கு நாங்கள் என்ன செய்கிறோம்? குறிப்புச் சொல்கிறோம். இதில் நாங்களும் குற்றவாளிகள்தான், மறைக்கவில்லை. எங்களில் ஒருவர் பதினைந்து வருடத்துக்கு முன் எழுதிய கொப்பியை இன்னும் வாசித்துக்கொண்டிருந்தார். தாள் மஞ்சளாகிவிட்டது. பிள்ளை எழுதும், மனப்பாடம் செய்யும், கடந்தகால வினாத்தாள் செய்யும், கடைசி மூன்று மாதம் நகரத்தில் செமினாருக்குப் போகும். 2024இல் நாட்சம்பளம் 1350 ரூபா என்றார்கள். அந்தச் சம்பளத்தில் ஒரு தாய் பஸ் காசும் செமினார் காசும் கட்டுகிறாள். எதற்கு? நாங்கள் சொன்ன அதே குறிப்பை இன்னொருவர் ஒலிபெருக்கியில் சொல்லிக் கேட்பதற்கு.

சரி, நாங்கள் எழுதிய திட்டம் என்ன? சுருக்கமாகச் சொல்கிறோம். மூன்று தவணைக்கு மூன்று கேள்வி.

முதலாம் தவணையின் கேள்வி: நாம் நிற்கிற இடம் எது?

மகியங்கனைப் பக்கம் சொரபொர வாவியடியில் 1857இல் கண்டெடுக்கப்பட்ட 10ஆம் நூற்றாண்டுத் தூண் கல்வெட்டு இன்று பதுளை நகரத்திலேயே இருக்கிறது. ஹோபிட்டிகம என்ற சந்தைக்கான ஒழுங்குவிதிகள் அதில் இருக்கின்றன. அதிகாரிகள் முறை மீறி அறவிடுகிறார்கள் என்று வணிகரும் ஊராரும் அரசனிடம் முறையிட, அதன் பேரில் வெட்டப்பட்ட கல் அது. ஆயிரம் வருடத்துக்கு முன் நமது மாகாணத்துச் சனம் அதிகாரிக்கு எதிராக மனு கொடுத்திருக்கிறது! வரலாறு, அரசியல், பொருளியல் மூன்றுக்கும் பாடம் அந்த ஒரு கல்லில் இருக்கிறது. எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேர் அதைப் பார்த்திருக்கிறார்கள்? பஸ் நிலையத்துக்கு வருகிறார்கள், போகிறார்கள்.

1344இல் இப்னு பதூதா இலங்கைக்கு வந்தார். ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்று, பாவா ஆதம் மலைக்குப் போக ஆட்களும் கொடுத்து அனுப்பினார். ஒரு தமிழ் மன்னன், ஒரு மொரோக்கோ முஸ்லிம், எல்லாச் சமயத்தாரும் தமதென்று ஏறுகிற ஒரு மலை. இஸ்லாமிய நாகரிகத்திலும் இந்து நாகரிகத்திலும் புவியியலிலும் அதே வாரம் இதைப் படிப்பித்தால் என்ன குறைந்துபோகும்?

பிறகு 1817-1818 ஊவா வெல்லஸ்ஸக் கிளர்ச்சி. அதில் எங்களுக்கு வசதியான பகுதியை மட்டும் சொல்ல மாட்டோம். ஆங்கிலேயர் முகாந்திரமாக நியமித்த ஹாஜி மரிக்காரின் கதையும் அதில் வருகிறது, அதையும் சொல்லித்தான் படிப்பிக்க வேண்டும். அதற்குப் பின் கோப்பி, 1869இல் கோப்பிக்கு விழுந்த நோய், தேயிலை, 1924இல் பதுளைக்கு வந்த ரயில். கடைசியில் 2014 ஒக்டோபர் 29, கொஸ்லந்தை மீரியபெத்த. லயன்கள் மண்ணுக்குள் போன அந்தக் காலையைப் புவியியல் ஆசிரியர் சாய்வு, மழை, மண் என்று விளக்குவார். அரசியல் ஆசிரியர், ஆபத்தென்று முன்பே சொல்லப்பட்ட இடத்தில் சனம் ஏன் தொடர்ந்து இருந்தது, காணி யாருடையது என்று கேட்பார். 2025 நவம்பரில் புயலால் உயர்தரப் பரீட்சையே இடையில் நின்றதைப் பார்த்த பிள்ளைகள் இவர்கள். மலை சரிவது இவர்களுக்குக் குறிப்புப் புத்தக விஷயம் அல்ல.

இரண்டாம் தவணையின் கேள்வி: ஒருவர் சொல்வது சரி என்று எப்படித் தெரியும்?

இங்கேதான் அந்தப் பிள்ளையின் கேள்விக்குப் பதில் இருக்கிறது. ஆம் மகள், ஒரே ஆள்தான். அளவையியலில் நியாயத்தொடை சொன்னவரும் அவர்தான், அரசியலில் ஆட்சிமுறைகளை வகுத்தவரும் அவர்தான். பக்தாதில் அவருடைய நூல்கள் அரபுக்குப் போயின. அந்த வேலையைச் செய்தவர்களில் முதன்மையானவர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக், ஒரு கிறிஸ்தவர். இமாம் கஸ்ஸாலி (1058-1111) தத்துவவாதிகளை மறுத்து எழுதினார். இப்னு ருஷ்த் (1126-1198) கஸ்ஸாலியை மறுத்து எழுதினார். இருவரும் ஒருவரையொருவர் மறுத்தது ஒரே அளவையியலை வைத்துக்கொண்டுதான்.

இது அரபுக்கும் கிரேக்கத்துக்கும் மட்டும் சொந்தமான விஷயமும் அல்ல. எங்கள் மணிமேகலையை எடுங்கள். 27ஆவது காதையில் பல சமயத்தவரும் தங்கள் தங்கள் வாதத்தை வைக்கிறார்கள். 29ஆவது காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கம் படிப்பிக்கிறார். எது சரியான அனுமானம், எது போலி என்று எடுத்துச் சொல்கிறார். ஒரு பெண்பிள்ளை, ஊர் ஊராகப் போய் எல்லார் வாதத்தையும் கேட்டுவிட்டு, பிறகு தருக்கம் படிக்கிறாள். அளவையியல் வகுப்பில் இருக்கிற எங்கள் பெண்பிள்ளைகளுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் தமிழ் ஆசிரியர் அந்தக் காதைகள் "கஷ்டம்" என்று தாண்டுவார், அளவையியல் ஆசிரியருக்கு அப்படி ஒன்று தமிழில் இருப்பதே தெரியாது. நாங்கள் அப்படித்தான் இருந்தோம்.

மூன்றாம் தவணையின் கேள்வி: நல்ல ஆட்சி எது?

திருக்குறளின் பொருட்பால் 70 அதிகாரங்கள். தமிழ் வகுப்பில் பொருள் கூறுகிறோம், அரசியல் வகுப்பில் அதை நினைப்பதே இல்லை. பிளேட்டோவின் குடியரசு, அல்-ஃபாராபியின் சிறந்த நகரம், கெளடில்யரின் அர்த்தசாஸ்திரம், 1377இல் இப்னு கல்தூன் எழுதிய முகத்திமா. இவற்றிலிருந்து தலைக்குப் பத்துப் பக்கம் தமிழில் வாசித்தால் போதும். வாசித்துவிட்டு 1931 டொனமூர், 1947 சோல்பரி, 1972, 1978 யாப்புகளுக்கு வரட்டும். அப்போது "சர்வசன வாக்குரிமை" என்பது இரண்டு புள்ளிக்கான விடையாக இருக்காது. 1931இல் கிடைத்த வாக்கு 1948க்குப் பின் தன் பூட்டனாரிடமிருந்து ஏன் போனது என்ற கேள்வியாக இருக்கும்.

இவ்வளவுதான் திட்டம். இப்போது எதிர்ப்புகளுக்கு வருவோம்.

"சிலபஸை மாற்ற உங்களுக்கு யார் அதிகாரம் தந்தது?"

சிலபஸில் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. தேசிய கல்வி நிறுவகம் என்ன படிப்பிக்க வேண்டும் என்று தருகிறது, எத்தனை பாடவேளை என்று தருகிறது. பரீட்சை வருவது எல்லாம் முடிந்த பிறகு. எந்த அலகை மாசியில் படிப்பித்தீர்கள், எதை ஆடியில் படிப்பித்தீர்கள் என்று எந்த வினாத்தாளும் கேட்பதில்லை. வரிசை எங்கள் கையில்தான் இருக்கிறது. வாசிப்புப் பகுதிகளுக்கு, ஆசிரியர் வராமல் வெறுமையாகப் போகிற பாடவேளைகளே போதும். அவை எத்தனை என்று உங்கள் பிள்ளையிடம் கேளுங்கள்.

"புள்ளி குறைந்துவிடும்."

கலைப்பாடங்களின் இரண்டாம் வினாத்தாளைப் பாருங்கள். கட்டுரை விடை. மனப்பாடம் செய்தவர் கேள்வி கொஞ்சம் திரும்பியவுடன் விழுகிறார். விடைத்தாள் திருத்தப் போகிற எல்லோருக்கும் இது தெரியும். நூறு பேர் ஒரே வசனத்தை எழுதிய தாள்களைத் திருத்திச் சலித்த நாங்களே சொல்கிறோம். மூன்று பாடத்தில் ஒரே விஷயத்தை மூன்று பக்கமிருந்து பார்த்த பிள்ளைக்கு மனப்பாடம் குறைவாகவே தேவைப்படும்.

"இந்தக் காலத்தில் கலைப்பிரிவே வேண்டாம். தொழில்நுட்பம் கொடுங்கள்."

கொடுங்கள்! நாங்களா தடுக்கிறோம்? தொழில்நுட்பப் பிரிவு 2013இல் தொடங்கியது. 13 வருட உத்தரவாதக் கல்வி 2017இல் வந்தது. எமது தோட்டப் பாடசாலைகளில் எத்தனைக்கு ஆய்வுகூடமும் ஆசிரியரும் வந்தன? பதுளையிலேயே 2005 முதல் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மலையிலிருந்து பார்த்தால் அதன் கட்டடம் தெரிகிறது. எங்கள் பிள்ளைகளுக்கு அது கட்டடமாக மட்டுமே தெரிகிறது. விஞ்ஞானப் பிரிவுக்காக நீங்கள் போராடுங்கள், முதல் வரிசையில் நாங்கள் வருவோம். ஆனால் பெளதிகவியல் ஆசிரியர் வரும்வரைக்கும் இந்த வகுப்பில் இருபது சொச்சம் பிள்ளைகள் இருக்கிறார்களே, அவர்களை என்ன செய்வது? "கலைப்பிரிவு பிரயோசனமில்லை" என்று சொல்லிக்கொண்டே பிரயோசனமில்லாமல் படிப்பிப்பது என்ன நியாயம்?

இனி எங்கள் சமூகத்துக்கு, முஸ்லிம் உறவுகளுக்கு ஒரு வார்த்தை. ஏனென்றால் இந்த எதிர்ப்பு வட்ஸ்அப்பில் வந்தது, எங்கள் ஜமாஅத்துக்குள்ளிருந்தே வந்தது. "முஸ்லிம் பிள்ளை ஏன் மணிமேகலை வாசிக்க வேண்டும்? கிரேக்கத் தத்துவம் ஏன்?"

நானா, தாத்தா, நிதானமாகக் கேளுங்கள். இமாம் கஸ்ஸாலி தமது அல்-முஸ்தஸ்ஃபாவை எழுதும்போது, உஸூலுல் ஃபிக்ஹ் நூலான அதன் முன்னுரையிலேயே அளவையியலை வைத்தார். அல்-பிரூனி சமஸ்கிருதம் படித்து இந்தியாவைப் பற்றிப் பெரிய நூல் எழுதினார். உமறுப் புலவர் சீறாப்புராணத்தைத் தமிழ்க் காப்பிய மரபில்தான் பாடினார். அந்த மரபைத் தெரியாமல் அதைச் செய்திருக்க முடியுமா? கண்டியில் சட்டத்தரணியாக இருந்த சித்திலெப்பை 1885இல் அஸன்பே சரித்திரம் எழுதினார், நவீன கல்வியும் வேண்டும் என்று வாதாடினார். எங்கள் முன்னோர்கள் பயப்படவில்லை. பயம் எங்களிடம்தான் வந்து சேர்ந்திருக்கிறது. எங்கள் பையன்களைச் சாதாரணதரத்தோடு கடையில் நிறுத்துகிறோம், பெண்பிள்ளைகளை "சும்மா ஏ-எல் செய்யட்டும், வரன் வரும் வரைக்கும்" என்று அனுப்புகிறோம். அப்படி அனுப்பினால் அந்த இரண்டு வருடமும் "சும்மா"வாகத்தான் போகும்.

தோட்டத்து உறவுகளுக்கும் ஒன்று. இந்து நாகரிகப் பாடவேளைக்கு உங்கள் பிள்ளை ஒரு அறைக்குப் போகிறது, இஸ்லாமிய நாகரிகத்துக்கு எங்கள் பிள்ளை இன்னொரு அறைக்குப் போகிறது. பாடம் அப்படி இருக்கட்டும், அதில் பிரச்சினை இல்லை. ஆனால் மாதத்தில் ஒரு நாளாவது இரண்டு அறையும் ஒன்றாகி, உன் பாடத்தில் என்ன, என் பாடத்தில் என்ன என்று சொல்லிக்கொள்ளட்டும் என்று எழுதியிருந்தோம். அதுதான் திட்டத்தில் முதலில் வெட்டப்பட்ட வரி. "பிரச்சினை வரும்" என்றார்கள். ஒருவருக்கு மற்றவரைப் பற்றி ஒன்றும் தெரியாமல் வளர்ந்தால்தான் பிரச்சினை வரும் என்பதை இந்த நாட்டில் இன்னும் விளக்க வேண்டியிருக்கிறதா?

நாங்கள் வாய் பேசிவிட்டுப் போகிறவர்களாக இருக்க விரும்பவில்லை. அனுமதி கிடைக்காத பகுதிகளை விட்டுவிட்டு, எங்கள் மூன்று பாடங்களின் வரிசையை மட்டும் இந்தத் தவணையிலிருந்து மாற்றிவிட்டோம். அதற்கு யாருடைய கையொப்பமும் தேவையில்லை. மஞ்சள் கொப்பி வீட்டில். கல்வெட்டின் மொழிபெயர்ப்பைத் தட்டச்சுச் செய்து பிரதி எடுக்கிறோம். எங்களில் யாராவது இடமாற்றம் பெற்றுப் போனால் அந்தத் தாள் அடுத்து வருகிறவருக்கு இருக்கும்.

பெற்றோரிடம் கேட்பது இவ்வளவுதான். அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு வாருங்கள். பெயர் விழுகிற நாள், சம்பளம் வெட்டுப்படும் என்று தெரியும். வீட்டுக்கு ஒருவராவது, மாமாவோ சித்தியோ, வாருங்கள். வந்து, எந்தப் பாடசாலையாக இருந்தாலும், மூன்று கேள்வி கேளுங்கள்.

ஒன்று: என் பிள்ளையின் மூன்று பாடங்களுக்கும் சேர்த்து ஒரு பக்கத்தில் வருடத் திட்டம் காட்டுங்கள்.

இரண்டு: தரம் 13 முடியுமுன் குறிப்பு அல்லாத முழுப் புத்தகம் எத்தனை வாசிப்பார்கள்?

மூன்று: இந்த வருடம் ஆசிரியர் இல்லாமல் போன பாடவேளை எத்தனை?

சத்தம் போட வேண்டாம், மரியாதையாகக் கேளுங்கள். பதிலை எழுதிக்கொள்ளுங்கள். ஆயிரம் வருடத்துக்கு முன் ஹோபிட்டிகம சந்தைக்காரர்கள் செய்ததும் அதுதான். கேட்டார்கள், கல்லில் எழுதி வாங்கினார்கள். நாங்கள் தாளில்தான் கேட்கிறோம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், பல்கலைக்கழகத்தில் படிக்கிற எங்கள் பழைய மாணவர்கள், நூல்களின் தமிழ்ப் பிரதி வீட்டில் இருப்பவர்கள் உள்பெட்டியில் எழுதுங்கள். பண உதவி வேண்டாம், புத்தகமும் நேரமும் வேண்டும்.

அல்லாஹ் எங்கள் எல்லோருடைய பிள்ளைகளின் அறிவையும் விசாலமாக்குவானாக. உங்கள் தோட்டக் குழு, பள்ளிவாசல் குழு, கோயில் குழு எல்லாவற்றிலும் பகிருங்கள்.